மங்கம்மாளின் இடது கை

மதுரையில் ராணி மங்கம்மாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு கதைகள் சொல்வார்கள். ஒரு நாள் ஏதோ நினைப்பில் இடது கையால் வெற்றிலை வாங்கிவிட்டார், அந்தப் பாவம் தீரச் சாலை போட்டார், சத்திரம் கட்டினார் என்பது ஒன்று. இரண்டாவதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அமைச்சர் அச்சையாவோடு பழக்கம். பேரனுக்கு வயது வந்த பிறகும் ஆட்சியை விடவில்லை. அதனால் பேரனே பிடித்துச் சிறையில் போட்டு, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சோற்றை வைத்து, பட்டினியால் சாகவிட்டான்.

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பாத்திரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. எழுதிப் பழக்கம் என்று பார்த்தால் லெட்ஜர்தான். இருந்தும் இந்த அம்மாளை வைத்து இருபது பக்கத்தில் ஒரு கதை எழுதிவிடலாம் என்று சென்ற தைமாதம் உட்கார்ந்தேன். முடிக்கும்போது ஆவணி. இடையில் எதை எழுதினேன், எதைக் கிழித்தேன், எதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். கதையை விட இந்தக் குறிப்பு யாருக்காவது பயன்படலாம்.

முதலில் கணக்கு. பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டினேன். கணவர் சொக்கநாத நாயக்கர் 1682இல் இறந்தார். மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் 1689இல் அம்மை கண்டு இறந்தான். அப்போது மருமகள் கர்ப்பிணி. உடன்கட்டை ஏறுவேன் என்று நின்றவளைப் பிள்ளை பிறக்கும்வரை பொறுக்கச் சொன்னார்களாம். பிறந்த சில நாளில் அவளும் போய்விட்டாள். மூன்று மாதக் குழந்தை விஜயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் பாட்டி ஆண்டார். ஆட்சி முடிந்த ஆண்டு பெரும்பாலும் 1704 என்று எழுதுகிறார்கள்.

இதை எழுதி முடித்ததும் ஒன்று பிடிபட்டது. ராணியின் பிறந்த ஆண்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பேரனின் வயது ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கிடைக்கிறது. ஓரியூரில் கிறிஸ்தவப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோவை ராமநாதபுரம் சேதுபதியின் ஆட்கள் வெட்டியபோது பையனுக்கு 4 வயது. திருவிதாங்கூர் மேல் தளவாய் நரசப்பையா படை எடுத்துப் போனபோது 8 இருக்கும். செஞ்சிக் கோட்டை முகலாயர் கையில் விழுந்தபோது 9. கிழவன் சேதுபதியோடு நடந்த போரில் நரசப்பையா மடிந்தபோது 13. சிறைக்கதை நடந்ததாகச் சொல்லப்படும்போது 15. கதைக்கு ஒரு கடிகாரம் வேண்டும் அல்லவா? பையனின் வயதையே கடிகாரமாக வைத்துக்கொண்டேன். எந்தக் காட்சியாக இருந்தாலும், அவன் உயரம் பாட்டியின் எந்த இடத்துக்கு வருகிறது என்று முதலில் முடிவு செய்வேன். இடுப்பா, மார்பா, தோளா? வசனம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் பிரதி எழுத மூன்று வாரம் ஆனது. அதில் மங்கம்மாள் கோயில் தேர் மாதிரி இருந்தார். எல்லோரும் வடம் பிடிக்கிறார்கள், அவர் நகர்கிறார். ஏழைகளைக் கண்டால் கண் கலங்குகிறார். வாயைத் திறந்தால் அறவுரை. வதந்திக்கு மறுப்பு எழுதுகிறேன் என்று கிளம்பி, ஆளே இல்லாமல் செய்துவிட்டேன். அந்த நாற்பது தாளில் இப்போது தம்பி மகள் படம் வரைகிறாள்.

இரண்டாம் பிரதியில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். மனுஷியாகக் காட்ட வேண்டும் என்றால் காதல் வைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லித்தந்தார்களோ தெரியவில்லை. அச்சையா நிலவொளியில் வந்து நின்றார். தோட்டத்தில் பவளமல்லி உதிர்ந்தது. பாதியில் நிறுத்திப் படித்துப் பார்த்தபோது கூசியது. முந்நூறு ஆண்டாக ஊர் கிசுகிசுத்ததையே நான் கொஞ்சம் மல்லிகை தூவி எழுதியிருந்தேன். ஓர் ஆண் அரசன் அமைச்சரோடு அறைக்குள் பேசினால் அதற்குப் பெயர் ஆலோசனை. கைம்பெண் ஒருத்தி பேசினால் அதற்கு வேறு பெயர் வைக்கிற ஊரில், அவருக்குக் காதலே இருந்திருந்தாலும் அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. அச்சையாவைக் கதையில் வைத்துக்கொண்டேன். ஆனால் வாசற்படிக்கு வெளியே, உரத்த குரலில் பேசுகிறவராக. காது கொஞ்சம் மந்தம் என்று நானாகச் சேர்த்தேன். ரகசியம் பேசவே முடியாத அமைச்சர்.

பெரிய பழுதுக்குப் போகுமுன் சில்லறைப் பழுதுகள். ராணிக்கு இரவுச் சாப்பாட்டில் தக்காளி ரசம் ஊற்றியிருந்தேன். தக்காளி நம் அடுப்பங்கரைக்கு வந்தது அதற்கு எத்தனையோ காலம் கழித்து. மிளகும் புளியும் போட்டு மாற்றினேன். தூதுவன் 'ஐந்து நிமிடம்' காத்திருந்தான். நிமிடம் ஏது? நாழிகைக்கு மாற்றினேன். ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், மாற்றிய இடத்தில் எல்லாம் தூதுவர்கள் முன்பைவிட நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள். அரண்மனைக்கு அது பொருத்தமாகவே இருந்தது. பேரன் 'பாட்டி' என்று கூப்பிட்டான். நாயக்கர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அப்பாவின் அம்மாவை அவன் 'நாயனம்மா' என்றுதான் கூப்பிட்டிருப்பான். அந்த ஒரு சொல்லை மாற்றியதும் பையனுக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு ஊர். என் கதை முழுவதும் மதுரையில் நடந்தது. மதுரைக்காரிக்கு வேறு ஊர் தெரியாது போலிருக்கிறது. சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே தலைநகரம் திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது. மாமன்னர் திருமலை நாயக்கர் கட்டிய மதுரை அரண்மனையில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு போனதே அங்கே கட்டத்தான் என்று சொல்வார்கள். ஒரு ஞாயிறு பஸ் ஏறித் திருச்சி போனேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது. இப்போது அரசு அருங்காட்சியகம். கடைத்தெரு சந்தடிக்குள் புகுந்து போனால், உள்ளே கல் சிற்பங்களும் குளிர்ச்சியும். நடுக்கூடத்தில் நின்று மெதுவாக இருமிப் பார்த்தேன். சத்தம் மேலே போய்ச் சுற்றி வந்தது. அன்றோடு என் கதையில் தர்பார்க் காட்சிகளில் யாரும் முணுமுணுக்கவில்லை.

திரும்பி வந்து மீனாட்சி கோயிலுக்கும் போனேன். பொற்றாமரைக் குளத்தருகே ஊஞ்சல் மண்டபத்து மேற்கூரையில் மங்கம்மாளையும் பேரனையும் வரைந்திருக்கிறார்கள். கைப்பேசியை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் படம் எடுக்க வழியில்லை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினேன். எழுதியதில் உடையும் நகையும் குறைவு. பாட்டியும் பேரனும் ஒரே படத்தில் இருந்தது மட்டும் இரண்டு முறை எழுதியிருந்தேன்.

இனி வெற்றிலை. கதையின் அச்சாணி அந்தக் காட்சிதான், அதுதான் ஓடவே இல்லை. 'ஏதோ நினைப்பில் இடது கையை நீட்டினார்' என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எந்த நினைப்பில்? அதோடு, நினைப்பு எங்கே இருந்தாலும் கை பழகிய வழியில்தானே போகும்? நம் வீடுகளில் இரண்டு வயதுப் பிள்ளைக்கே 'சோத்துக்கை நீட்டு' என்று சொல்லிக் கொடுக்கிறோம். இத்தனை வருடப் பழக்கம் ஒரு நினைப்பில் உடையுமா?

வீட்டில் அப்பத்தா இருக்கிறார். வெற்றிலை இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. ஒரு கவுளி வெற்றிலை வாங்கி வைத்துக்கொண்டு அவரையே பயிற்சியாளராக அமர்த்தினேன். முதலில் வேலையைக் கவனித்தேன். காம்பைக் கிள்ளுகிறார், நுனியைக் கிள்ளுகிறார், முதுகு நரம்பை நகத்தால் உரிக்கிறார். இலை இடது உள்ளங்கையில் கிடக்கிறது. வலது ஆட்காட்டி விரல் சுண்ணாம்பை இலையின் பின்புறம் தடவுகிறது. பாக்கு வைத்து மடிக்கிறார். ஆக, தானே போடுகிற வெற்றிலையில் இலை இடது கையில்தான் இருக்கிறது! அதில் பாவம் இல்லை. அடுத்தவர் தருவதை வாங்கும்போதுதான் கை பார்க்கப்படுகிறது. அரண்மனையில் வெற்றிலை மடித்துத் தருவதற்கென்றே அடைப்பக்காரர் உண்டு. அடைப்பை என்றால் வெற்றிலைப் பை. நீட்டுகிறவர் அவர். எனவே சுருளை மடிக்கும் வேலை ராணிக்கு இல்லை, வாங்குவது மட்டுமே.

பிறகு சோதனை. முதலில் குழந்தையை வைத்துப் பார்த்தேன். 'பேரனை இடுப்பில் வைத்திருந்தார், அதனால் இடது கையை நீட்டினார்' என்பது என் முதல் யோசனை. தம்பி மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பத்தாவை வெற்றிலை நீட்டச் சொன்னேன். என் வலது கை சும்மா போய் வாங்கியது. பத்து முறையும் அப்படியே. வலது கைப் பழக்கம் உள்ள எவளும் பிள்ளையை இடது இடுப்பில்தான் வைக்கிறாள். வலது கை வேலை செய்வதற்காகவே அப்படி வைக்கிறாள். தெருவில் நின்று பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன். யோசனை உடைந்தது. அடுத்து எழுதுகோல். பேனாவோடு உட்கார்ந்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலது கை நீண்டது. பேனாவை வைத்துவிட முடியும் என்பதுதான் கோளாறு.

விடை கடையில் கிடைத்தது. மார்ச் 31. ஆண்டுக் கணக்கு முடிக்கிற நாள். நூறு ரூபாய்க் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டு பல, மேசைமேல் அடுக்கி, ஒவ்வொன்றைத் தொடும்போதும் வலது கைப் பெருவிரலை அடுத்த விரல் கணுவுக்கு நகர்த்துவது என் வழக்கம். சுண்டுவிரல் அடிக்கணுவில் தொடங்கினால் விரலுக்கு மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. அப்பத்தா நாள் எண்ணுவதும் இப்படித்தான். பெருவிரல் எந்தக் கணுவில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. விரலை எடுத்தால் போயிற்று. டீ கொண்டுவரும் பையன் தம்ளரை நீட்டினான். வாங்கி வைத்துவிட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். சற்றுப் பொறுத்து அவன் இன்னும் நிற்பதைப் பார்த்தேன். "அக்கா, நீங்கள் இடது கையில் வாங்குகிற ஆள் இல்லையே" என்றான்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, மேசையில் கிடந்த பில்லின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அந்தக் கட்டுகளை அன்று மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. அது வேறு கதை.

காட்சி இப்படி அமைந்தது. ஆண்டு 1698. செஞ்சி விழுந்துவிட்டது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கானுக்குக் கப்பம் போக வேண்டும். போர் செய்வதைவிடக் கப்பம் மலிவு என்று மங்கம்மாள் கணக்குப் போட்டவர். அந்த அளவு வரலாறு. மீதி என் கற்பனை: விடியற்காலை, கருவூலத்து ஆள் பணமுடிப்புகளைக் கொண்டுவந்து விரிப்பின்மேல் வைக்கிறான். ராணி கணக்கரை நம்பாமல் தானே எண்ணுகிறார். பெருவிரல் கணுக்கணுவாக ஏறுகிறது. அடைப்பக்காரர் சுருளை நீட்டுகிறார். வலது கை திறந்தால் எண்ணிக்கை சிந்திவிடும். இடது கை போகிறது.

யார் கண்டுபிடிப்பது என்பதில் இன்னொரு பழுது இருந்தது. முதலில் ஒரு பண்டிதரை முகம் சுளிக்க வைத்தேன். பண்டிதர் முகம் சுளிப்பது எல்லாக் கதையிலும் வருகிறது. அவரை அனுப்பிவிட்டு, ஒன்பது வயதுப் பையனைத் தூணருகே நிறுத்தினேன். அவன் கைகொட்டிச் சிரிக்கிறான்: "நாயனம்மா, எடம செய்யி!" இடது கை என்கிறான், அவ்வளவுதான். குழந்தை சிரித்துச் சொன்ன பிறகு கூடத்தில் யாரும் பார்க்காதது போல இருக்க முடியாது. அந்தக் கூடத்தில் ஒரு இருமலே சுற்றி வருகிறது என்பது எனக்குத் தெரியுமே.

இதை அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் பிடித்த இடம் வேறு. "அவள் அறுத்தவள்தானே? வெற்றிலை எப்படிப் போட்டாள்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சுவரில் ஒட்டிய காலண்டரில் 1682 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன், கணவர் இறந்த ஆண்டு. பல சாதிகளில் கைம்பெண்ணுக்குத் தாம்பூலம் விலக்கு. அப்பத்தாவும் கைம்பெண்தான்; எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேட்பதில்லை, அவர் கேட்கவும் விடமாட்டார். ஆனால் எதிர்வீட்டு மாமியார் கணவர் போன பிறகு சாகும்வரை ஒரு வெற்றிலையைத் தொட்டதில்லை என்று அவரே சொன்னார். இத்தனை காலமாக ஊர் இடது கையைப் பற்றிப் பேசுகிறது. அவர் வெற்றிலை வாங்கியதைப் பற்றி நான் கேட்ட வரையில் யாரும் பேசவில்லை. பழிச்சொல்லுக்குப் பஞ்சமே இல்லாத ஊர், இதில் மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டது? அரியணையில் உட்கார்ந்திருப்பவருக்கு நீட்டப்படும் வெற்றிலை, மனைவிக்கு உரிய வெற்றிலை அல்ல என்று ஊர் ஏற்றுக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன். கதையில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: அடைப்பக்காரர் நீட்டுவது மங்கம்மாளுக்கு அல்ல, கொலுவுக்கு. அந்த வரிக்கு அப்பத்தாவுக்குத்தான் சன்மானம் தர வேண்டும். ஒரு கவுளி கொடுத்தேன்.

பரிகாரம் எழுதும்போது என் தொழில் எட்டிப் பார்த்தது. அதைத் தடுக்கவில்லை. செலவுக்குத் தலைப்பு வேண்டும், இல்லையென்றால் தணிக்கையில் மாட்டும். ஒரு கைம்பெண், குழந்தையின் பெயரால் ஆள்கிறவர், படைச் செலவு தலைக்குமேல் இருக்கிற நேரத்தில், கன்னியாகுமரி வரை சாலை போட்டு மரம் வைத்து, வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்ட வேண்டும் என்றால் தளவாய் என்ன சொல்வார்? 'பிராயச்சித்தம்' என்று எழுதினால்? யார் மறுப்பது? என் கதையில் மங்கம்மாள் பண்டிதர்களைக் கூப்பிட்டு, "இந்தப் பாவம் எவ்வளவு பெரியது?" என்று கேட்கிறார். அவர்கள் தயங்கித் தயங்கி ஒரு அளவு சொல்கிறார்கள். "அதைவிடப் பெரியது" என்கிறார். சாலையின் நீளத்துக்குத் தக்க பாவம் அவருக்குத் தேவைப்படுகிறது. இது வரலாறு அல்ல, என் குறும்பு. தெற்குச் சீமையில் மங்கம்மாள் சாலை என்று இன்றும் பெயர் சொல்லும் பாதைகள் இருக்கின்றன. அந்தச் சாலைகளுக்கு நான் சூட்டிய கணக்குத் தலைப்பு, அவ்வளவே.

மரணத்தை எப்படி எழுதுவது என்பதில் மட்டும் நான்கு வாரம் போனது. சிறை, சன்னல், எட்டாத சோறு. எழுதினால் படிக்கிறவர் அழுவார், தெரியும். எழுதியும் பார்த்தேன். எழுதிய மறுநாள் படித்தபோது ராணி மறுபடி காணாமல் போயிருந்தார். சோறு மட்டும் தெரிந்தது. 1868இல் மதுரை நாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய நூல் எழுதிய நெல்சன் இந்தக் கதையைப் பதிந்திருக்கிறார். அவர் எழுதியதும் ஊர் சொன்னதைத்தான். நான் செய்தது: அந்தப் பகுதியைக் கதையிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, பையனுக்கு 15 வயது ஆகும்போது கதையை நிறுத்தினேன். கடைசிக் காட்சியில் அவன் பாட்டியை விட உயரம். அடைப்பக்காரர் சுருளை நீட்டுகிறார், இந்த முறை அவனுக்கு. பாட்டி அவன் எந்தக் கையை நீட்டுகிறான் என்று பார்க்கிறார்.

சுத்தப் பிரதி எழுதி முடித்ததும் அப்பத்தாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். இடையில் இரண்டு முறை தூங்கினார், ஒரு முறை பாக்குவெட்டியைத் தேடினார். அச்சையா வாசலில் நின்று கத்துகிற இடத்தில் சிரித்தார். கடைசிக் காட்சி முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் எச்சில் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆள் எத்தனை முடிப்பு கொண்டுவந்தான் என்று படித்தாய்?"

"ஏழு."

"அந்தப் பையன் சிரித்தபோது அவள் விரல் எங்கே இருந்தது?"

பக்கத்தைப் புரட்டினேன். நடுவிரலின் மேல்கணு. சுண்டுவிரல் அடியிலிருந்து எண்ணினால் ஒன்பது. ஏழு முடிப்பை ஒன்பது வரை எண்ணியிருக்கிறார் என் ராணி. பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். முடிப்பைப் பன்னிரண்டு ஆக்கிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நாலாம் பக்கத்தில் அதை ஏழு யானைப் பாகர்களோடு பொருத்தி எழுதியிருந்தேன், அது குலையும். அடித்து எழுதினால் சுத்தப் பிரதி அசிங்கமாகும். ஆனாலும் அடித்தேன். பெருவிரலை மோதிரவிரலின் நடுக்கணுவுக்கு இறக்கினேன்.